அச்சு அசல் காரா? – அளவு மாதிரிகளைப் பற்றி ஒரு விமரிசனம்

கடையில் விற்கும் மாதிரிக் கார் ஒன்றின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். அசல் காரின் ஒவ்வோர் அம்சமும் அப்படியே இதில் இருக்கிறது என்ற பொருளில் ஏதேனும் ஒரு வாசகம் அதன்மேல் இருக்கும். பக்கத்திலேயே 1:18, 1:24, 1:43 என்று ஒரு விகிதமும் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது விளம்பரம், இரண்டாவது கணக்கு. அந்தக் கணக்கைக் கொண்டே அந்த விளம்பரத்தைச் சோதித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பொம்மைக் காருக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் வசிக்கும் பகுதியில் இது விளையாட்டுக் காரியமாக இல்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். 2010இல் ரெனோ–நிஸான் கார் ஆலை, 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை என்று அடுத்தடுத்து வந்த தொழிற்சாலைகள் இச்சுற்று வட்டாரத்தின் முகத்தையே மாற்றிவிட்டன. ஏரிக்கரையில் நின்று பார்க்கும் சிறுவனுக்குக் கூடக் கார்களின் பெயர்கள் அத்துப்படி. ஆகவே பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நடக்கும் அறிவியல் கண்காட்சிகளில் கார் மாதிரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றின் முன்னால் வைத்திருக்கும் விளக்க அட்டைகளைப் படிக்கும்போதுதான் இயற்பியல் ஆசிரியன் ஒருவனுக்கு உறுத்தல் ஏற்படுகிறது. 'அளவு 1:24, வேகம் மணிக்கு 480 கிலோமீட்டர்' என்று ஓர் அட்டை சொல்கிறது. மின்கலத்தில் ஓடும் அந்தச் சிறு வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடும். அதை 24ஆல் பெருக்கிவிட்டார்கள்! அந்த மாதிரிக்கே பரிசும் கிடைக்கிறது. தவறான பெருக்கலுக்குப் பரிசு கொடுத்தால் அடுத்த ஆண்டு எத்தனை மாணவர்கள் அதையே செய்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பொதுவாகப் பேசாமல் ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொள்வோம். மாதிரி செய்பவர்கள் பெரிதும் விரும்புவது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை. அவற்றுள் பிரிட்டனின் ட்ரையம்ப் நிறுவனம் 1962இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் நமக்குச் சற்று உறவுமுறை உடையது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி வரைந்த இந்த இரண்டு இருக்கை வண்டி, அதே நிறுவனத்தின் ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி உருவாக்கப்பட்டது. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தால் செய்யப்பட்டது. ஒரகடத்திலிருந்து கிழக்கே அதே சாலையில் போனால் வருகிற ஊர்! ஒரு காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. ஆகவே ஸ்பிட்ஃபயரை அயலூர்க் கார் என்று ஒதுக்க வேண்டியதில்லை; நம் ஊர்ச் சாலையில் ஓடிய காரின் தம்பி அது.

ஸ்பிட்ஃபயரின் நீளம் 3,683 மி.மீ.; முன் பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2,108 மி.மீ.; எடை ஏறக்குறைய 710 கிலோ. 1:24 மாதிரியில் நீளம் 153 மி.மீ. ஆகும், அச்சுகளின் இடைத்தூரம் 88 மி.மீ. இதுவரை சிக்கல் இல்லை. நல்ல நிறுவனங்களின் மாதிரிகளை வெர்னியர் காலிப்பர் கொண்டு அளந்தால் இந்த எண்கள் பெரும்பாலும் சரியாகவே வரும். நீளத்தைப் பொறுத்தவரை பெட்டி பொய் சொல்லவில்லை.

எடைக்கு வருவோம். நீளம் 24இல் ஒரு பங்கானால் பரப்பு 576இல் ஒரு பங்காகும். கன அளவு 13,824இல் ஒரு பங்காகும். அசலின் அதே பொருள்களைக் கொண்டு அப்படியே சிறிதாக்கினால் மாதிரிக் காரின் எடை 51 கிராம்தான் இருக்கவேண்டும். 1:43 அளவில் 9 கிராம்! துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யும் 1:43 கார் ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். இதைப்போலப் பத்து மடங்கு நிறுத்தால் வியப்பில்லை. 'கையில் கனமாக இருக்கிறது, எனவே அசல் போல இருக்கிறது' என்று வாங்குபவர்கள் சொல்வது வழக்கம். உண்மை இதற்கு நேர் எதிரானது. கனமாக இருப்பதுதான் அது அசல் போல இல்லை என்பதற்குச் சான்று.

இதன் காரணம் சுவையானது. கார் என்பது பெரும்பாலும் காற்று. ஸ்பிட்ஃபயர் சரியாக அடங்கும் ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொண்டால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 6.4 கன மீட்டர். அதில் 710 கிலோதான் இருக்கிறது. அதாவது தண்ணீரின் அடர்த்தியில் ஒன்பதில் ஒரு பங்கு. சுமார் 1 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகட்டை வளைத்து மடித்து, அந்த மடிப்புகளாலேயே உறுதியைப் பெற்று நிற்கிற கூடு அது. அந்தத் தகட்டை 24இல் ஒரு பங்காக்கினால் 0.04 மி.மீ.; செய்தித்தாளின் தடிப்பை விடக் குறைவு. எந்தக் கிட் நிறுவனத்தாலும் அப்படிப்பட்ட பிளாஸ்டிக் கதவை வார்க்க முடியாது. வார்த்தாலும் உங்கள் விரல் பட்டதும் நசுங்கிவிடும். எனவே 1 மி.மீ.க்குக் குறையாத தடிப்பில் வார்க்கிறார்கள். மாதிரியின் கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். அதை அசல் அளவுக்குப் பெரிதாக்கினால் ஓர் அங்குலத் தடிப்புள்ள சுவர். ஏறத்தாழப் போர்க்கள வண்டியின் கவசம். 'திறக்கும் கதவுகள்' என்று பெட்டி பெருமைப்படும் இடம்தான் மாதிரியின் பொய் வெளிப்படும் இடம் என்பது என் கருத்து. கதவுகள் மூடியிருக்கும் மாதிரி இதைவிட நேர்மையானது.

வண்ணப்பூச்சின் கதையும் இதுவே. காரின் மேலுள்ள பூச்சு எல்லா அடுக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர். மாதிரியில் அது 0.004 மி.மீ. இருக்கவேண்டும். எவ்வளவு கைத்திறன் உள்ளவர் தெளித்தாலும் அதைப்போலப் பத்து மடங்குக்குக் குறைவாகப் பூசுவது அரிது. விளைவு என்ன? கதவு இடுக்குகள் நிரம்பிவிடுகின்றன; கூர்மையான மடிப்புகள் மழுங்கிவிடுகின்றன. நம் பட்டறைகளில் டூக்கோ பெயிண்டு அடிப்பவர் பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் அடித்தால் கார் எப்படித் தோன்றுமோ, அப்படித்தான் பல மாதிரிகள் தோன்றுகின்றன. 'மெட்டாலிக்' வண்ணமானால் இன்னும் மோசம். அதிலுள்ள அலுமினியத் துகள் 0.03 மி.மீ. என்று கொண்டால், அசல் அளவில் அது 0.7 மி.மீ. ஆகிவிடும், கார் மீது யாரோ ஜிகினாப் பொடியைத் தூவியது போலாகும். தேர்ந்தவர்கள் இதற்காகவே மிக நுண்ணிய துகள் கொண்ட பூச்சைத் தேடிப் பிடிக்கிறார்கள். கடைக்குப் போய் அசல் காரின் வண்ணத்தையே வாங்கி வந்து அடித்தேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் வேதியியலுக்கு உண்மையாக இருந்து ஒளியியலுக்குத் துரோகம் செய்தார் என்று பொருள்.

இனி, மாதிரிக் கார் தரையில் நிற்கும் தோரணையைக் கவனிப்போம். என் மதிப்பில் ஒரு மாதிரியின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது இதுவே. ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்கள் ஒரு தனி வகை. லாரிகளில் நாம் காணும் பட்டை ஸ்பிரிங்கைக் குறுக்காக வைத்து, இரு பக்கமும் அச்சுகள் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடும்படி அமைத்திருந்தார்கள். காரை ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின்சக்கரங்களின் அடிப்பாகம் உட்புறமாக மடங்கித் தொங்கும். இறக்கி விட்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் சக்கரங்கள் நிமிரும். ஆக, காரின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் ஒன்றோடொன்று பேரம் பேசி முடிவு செய்கிற கோணம் அது.

மாதிரியில் இந்தப் பேரம் நடக்காது. ஸ்பிரிங்கையும் அதே எஃகில் 24இல் ஒரு பங்காகச் செய்து வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஸ்பிரிங்கின் விறைப்பு நீளத்துக்கு நேர் விகிதத்தில், அதாவது 24இல் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அதன் மேல் ஏறும் எடையோ 13,824இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே அமுக்கம் 576இல் ஒரு பங்கு. அசலில் 100 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங், மாதிரியில் விகிதப்படி 4 மி.மீ. அமுங்க வேண்டும், அமுங்குவதோ 0.17 மி.மீ. அதாவது மாதிரிக் கார் எப்போதும் ஜாக்கியில் தூக்கி வைத்த கார் போலவே நிற்கும்! 'இயங்கும் சஸ்பென்ஷன்' என்று பெட்டியில் போட்டிருந்தால், அசலை விட மிக மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஏமாற்றியது சரிதான். அதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. சக்கரக் கோணத்தை நிலையாக ஒட்டிவிடும் மாதிரிகளில் செய்பவரே முடிவு செய்தாக வேண்டும்: இந்தக் கார் காலியாக நிற்கிறதா, ஆள் ஏறி நிற்கிறதா? பெரும்பாலான கிட்களின் விளக்கத்தாள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. டயரின் அடிப்பாகத்தைச் சற்றே தேய்த்துத் தட்டையாக்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்கிறதோ இல்லையோ, பார்க்கத் தெரிந்திருக்கிறது. ரப்பர் டயர் எடையைத் தாங்கும்போது தரையோடு படியும். அந்தச் சிறு தட்டை இல்லாவிட்டால் கார் தரையில் நிற்காமல் தரைமேல் வைக்கப்பட்டது போலிருக்கும்.

பானெட்டைத் திறப்போமா? ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன்பக்கம் முழுவதும், பக்கத் தகடுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்முன் நிற்கும். மாதிரி செய்பவர்களுக்கு இதனாலேயே இக்கார்கள் மீது ஒரு மோகம். 1,147 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினை 1:24 அளவில் செய்தால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 0.02 கன செ.மீ.; ஒரு துளி நீரில் பாதி கூட இல்லை. சிலிண்டரின் விட்டம் 69.3 மி.மீ.; மாதிரியில் 2.9 மி.மீ. அதற்குள் பெட்ரோல் எரியுமா? சுடர் ஒன்று குளிர்ந்த உலோகச் சுவருக்கு மிக நெருக்கமாக வந்தால் வெப்பத்தை இழந்து அணைந்துவிடும். சாதாரண அழுத்தத்தில் பெட்ரோல் ஆவி போன்றவற்றின் சுடருக்கு இரு சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். சுரங்கத் தொழிலாளர்களுக்காக டேவி செய்த விளக்கின் கம்பிவலை இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே நம் சிறிய எஞ்சினில் சுடர் பிறந்தாலும் உயிர் வாழ்வது கடினம். மாதிரியின் எஞ்சின் சிற்பமே தவிர எந்திரம் அன்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'அப்படியானால் மாதிரி செய்வதே வீண் என்கிறீரா?' என்று கேட்காதீர்கள். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். மரத்தாலும் கூரையாலும் ஆன கட்டடங்களின் வடிவத்தை ஏழாம் நூற்றாண்டிலேயே பாறையில் வெட்டி வைத்தார்கள் பல்லவச் சிற்பிகள். திரௌபதி ரதம் ஒரு குடிசையின் வடிவம். கல்லுக்கு உத்தரமும் தேவையில்லை, கூரை வேய்தலும் தேவையில்லை. ஆனாலும் மரக்கட்டடத்தின் உறுப்புகளைச் சிற்பி கல்லில் காட்டியிருக்கிறான். பாரம் தாங்கும் முறையை அவன் காப்பாற்ற முயலவில்லை. பார்வைக்குத் தெரியும் வடிவத்தைக் காப்பாற்றினான். எதைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது என்ற தெளிவு அவனிடம் இருந்தது. கார் மாதிரி செய்பவரிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதுவே.

பார்வையைக் காப்பாற்றுவதானால் அதற்கும் கணக்கு உண்டு. 1:24 மாதிரியை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்ப்பது அசல் காரை 7.2 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். நல்ல கண் ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். 7.2 மீட்டரில் அது 2 மி.மீ. ஆகிறது. அதாவது அசல் காரில் 2 மி.மீ.க்குச் சிறிய எதையும் மாதிரியில் செய்ய வேண்டியதில்லை. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கதவு இடுக்கு 4 மி.மீ. இருந்தால் அது தெரிந்தே ஆகவேண்டும், அதுவும் 0.17 மி.மீ. அகலத்தில். கம்பிச் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பியும் இதே எல்லையில் வருகிறது. பிளாஸ்டிக்கில் வார்த்த ஸ்போக்ஸ்கள் அசல் அளவில் விரல் தடிப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பிரிட்டனின் புகழ்பெற்ற மாதிரிக் கலைஞர் ஜெரால்டு விங்ரோவ் 1:15 அளவில் உலோகக் கம்பிகளைக் கொண்டே சக்கரங்களைப் பின்னினார். பல்லாண்டுப் பொறுமை வேண்டும் வேலை; கிட் வாங்கி ஒட்டுபவர்களிடம் அதைக் கேட்க முடியாது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மாதிரிக் காரை மேசை விளிம்பில், உங்கள் கண்மட்டத்துக்கு வைத்து, முதலில் இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சட்டென்று கார் பெரிதானது போல இருக்கும். நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 65 மி.மீ. இடைவெளி. 30 செ.மீ. தூரத்திலுள்ள பொருளை இரு கண்களும் நன்றாக வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. 7 மீட்டருக்கு அப்பாலுள்ள பொருளுக்கு அந்த வேறுபாடு மிகக் குறைவு. 'இது கையருகே உள்ள சிறு பொருள்' என்று மூளைக்குச் சொல்லிக் கொடுப்பது அந்த வேறுபாடே. கண்காட்சிகளில் மாதிரிகளை இடுப்பு மட்டத்து மேசையில் வைத்து, பார்ப்பவர்களைப் பருந்துப் பார்வை பார்க்கச் செய்கிறார்கள். ஒரு காரை நாம் என்றைக்காவது மாடியிலிருந்துதான் பார்க்கிறோமா?

இனி அந்த 480 கிலோமீட்டர். நீளத்தைச் சுருக்கினோம்; எடை தானாகச் சுருங்கியது; ஆனால் பூமியின் ஈர்ப்பை நாம் சுருக்கவில்லை. 1 மீட்டர் உயர மேசையிலிருந்து மாதிரிக் கார் விழுந்தால் 0.45 விநாடியில் தரையைத் தொடும். அசல் அளவில் அது 24 மீட்டர்ப் பள்ளம். அசல் கார் அதில் விழ 2.2 விநாடி ஆகும். இந்த இரு காலங்களின் விகிதம் 24 அன்று. 24இன் வர்க்கமூலம், அதாவது 4.9. பழைய திரைப்படங்களில் மலைச்சரிவில் உருளும் கார் பொம்மை என்று ஏன் உடனே தெரிந்துவிடுகிறது? விழும் வேகத்தில்தான். விவரம் தெரிந்த ஒளிப்பதிவாளர் விநாடிக்கு 24 படங்களுக்குப் பதிலாக 118 படங்கள் வீதம் எடுத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டிக் காட்டுவார். பொம்மைக்கு எடை வந்துவிடும்.

கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூடு 1870களிலேயே இதைக் கண்டறிந்தார். அலைகளும் ஈர்ப்பும் சம்பந்தப்பட்ட இடங்களில் வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால்தான் பெருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையிலுள்ள இழுவைத் தொட்டியில் இன்றும் இந்த விதிப்படியே கப்பல் மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். நம் மாணவரின் 20 கி.மீ. வேகம் இந்தக் கணக்கில் 98 கி.மீ. ஆகிறது. அது ஒன்றும் கேவலமான வேகம் அன்று. ஸ்பிட்ஃபயரை இயல்பாக ஓட்டும் வேகம்.

காற்றுத்தடையைப் பொறுத்தவரை கதை இன்னொரு வகை. காற்று ஒரு வண்டியைச் சுற்றி ஓடும் விதம் அசலிலும் மாதிரியிலும் ஒத்திருக்க வேண்டுமானால், நீளத்தையும் வேகத்தையும் பெருக்கிய தொகை மாறாமல் இருக்கவேண்டும். ரேனால்ட்ஸ் தந்த விதி இது. அதன்படி அசல் காரின் 100 கி.மீ. வேகத்தைப் பிரதிபலிக்க 1:24 மாதிரியின் மீது மணிக்கு 2,400 கி.மீ. வேகத்தில் காற்று வீச வேண்டும். அது ஒலியின் வேகத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்த வேகத்தில் காற்றே வேறு விதமாக நடந்துகொள்ளும். எனவேதான் காற்றுச் சுரங்கங்களில் பெரிய மாதிரிகளையே வைக்கிறார்கள். ஃபார்முலா 1 பந்தயக் கார்களுக்கு 60 சதவீத அளவு வரை விதிகள் அனுமதிக்கின்றன. மேசைமேல் மின்விசிறியையும் ஊதுபத்திப் புகையையும் வைத்துக்கொண்டு, 'இக்காரின் காற்றுத்தடை குறைவு' என்று அளவு மாதிரியைக் காட்டும் மாணவர்கள் புகையின் அழகைக் காட்டுகிறார்கள். காரைப் பற்றி எதுவும் காட்டவில்லை.

ஒரகடத்திலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. இங்கு அமைந்துள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் வாகனங்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும் வசதி உண்டு. இவ்வளவு விலையுள்ள முழுக் காரை உடைப்பதற்குப் பதில் சிறு மாதிரியை மோதவிட்டால் என்ன? மேசையிலிருந்து விழுந்த மாதிரி பெரும்பாலும் கீறலோடு தப்பிவிடும். 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த கார் தப்புமா? உருவம் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஒப்பிட்ட உறுதி கூடிக்கொண்டே போகிறது என்று கலிலியோ 1638இல் எலும்புகளை வைத்து விளக்கினார். தகடு கிழியும் விதமும் வெல்டிங் புள்ளிகள் விடும் விதமும் அளவோடு ஒழுங்காகச் சுருங்குவதில்லை. ஆகவே அங்கே உடைவது முழுக் கார்தான். கணினியில் எத்தனை முறை மோதிப் பார்த்தாலும் இறுதியில் ஒரு முழுக் காரை உடைத்தே தீரவேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு சந்தையில் உள்ளவற்றை எப்படி மதிப்பிடுவது? ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2020இல் தயாரிப்பு நின்றுபோன தன் கிளாசிக் 500 வண்டிக்கு 1:3 அளவில் ஒரு மாதிரியை வெளியிட்டது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பாகங்கள். எடை எட்டுக் கிலோவுக்கு மேல். அசலின் எடை சுமார் 195 கிலோ. அதை 27ஆல் வகுத்தால் 7.2 கிலோ. கணக்குக்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்! மூன்றில் ஒரு பங்கு என்பது தகட்டையும் பூச்சையும் அதிகம் ஏமாற்றத் தேவையில்லாத அளவு. தவிர, மோட்டார் சைக்கிளில் காரைப் போல வெற்றுக்கூடு கிடையாது. உலோகம் வெளியே தெரியும் வண்டி. நுணுக்கத்தில் அதை நான் மெச்சுகிறேன். ஆனால் அது முழுமையாகச் செய்து முடித்துக் கையில் தரப்படும் பொருள். விலையோ பல மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்தை மிஞ்சும். அலமாரிக்கு அது நல்லது. கற்பதற்கு அதில் அதிக இடமில்லை.

பிளாஸ்டிக் கிட்கள் கைக்கு வேலை தருகின்றன, பொறுமையைப் பழக்குகின்றன, எஞ்சினும் அடிச்சட்டமும் எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டுகின்றன. ஆனால் அளந்தவர் வேறொருவர். எதை விடலாம், எதைப் பெரிதாக்கலாம் என்ற எல்லா முடிவுகளையும் அவரே எடுத்துவிட்டார். ஒட்டுபவருக்கு மிஞ்சுவது விளக்கத்தாளின் எண் வரிசை. கண்காட்சிகளில் பரிசு கொடுப்பவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'இதில் நீ அளந்தது எது?' அட்டையில் வெட்டி ஒட்டிய கோணலான கார் ஒன்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமானால் அதற்கே என் மதிப்பெண்.

அளப்பதற்கு நம்மிடம் கார் இல்லையா? வண்டலூரில் 1960களின் பிற்பகுதியில் ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்து மார்க் 3 என்று வெளியிட்டார்கள். அந்த நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பெட்டியில் விற்ற ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. நம் சாலையில் பிறந்த காரை மாதிரியாகச் செய்ய நினைப்பவருக்குக் கிட் கைகொடுக்காது. நிற்கிற ஒரு காரைத் தேடிப் போய் அளந்துதான் ஆகவேண்டும். சென்னையிலும் கோவையிலும் பழைய கார்களைப் பேணுவோரிடம் இன்னும் சில இருக்கின்றன. துருப்பிடித்துக் கொட்டகையில் கிடப்பவை ஆண்டுக்காண்டு பழைய இரும்புக்குப் போகின்றன.

அளக்கும் முறை கடினமானதன்று. சமதளமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தச் சொல்லுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று, இரண்டு நாடாக்கள், சாக்குக்கட்டி, நேரான நீண்ட ரீப்பர் ஒன்று போதும். காரின் முனைகள், சக்கர மையங்கள், கதவுக் கீல்கள் ஆகிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். காரை நகர்த்தியபின் தரையில் முழு வரைபடமே கிடைத்துவிடும். பானெட்டின் வளைவுக்கு, அதன்மேல் ரீப்பரை மட்டமாகப் பிடித்து 10 செ.மீ.க்கு ஒருமுறை கீழ்நோக்கி அளந்து எழுதுங்கள். 2 மி.மீ. பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கான காரணத்தை மேலே கண்டோம். புகைப்படம் எடுப்பதானால் தள்ளி நில்லுங்கள். 5 மீட்டரிலிருந்து பக்கவாட்டில் எடுத்தால் அருகிலுள்ள பக்கம் தூரத்துப் பக்கத்தை விட 29 சதவீதம் பெரிதாக விழும். 30 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த வேறுபாடு 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

இரண்டு பக்கத்துச் சக்கர இடைத்தூரத்தையும் தனித்தனியே அளக்க மறக்கவேண்டாம். ஹெரால்டுக்கு அது 2,324 மி.மீ. ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்த வண்டி எப்போதோ எங்கேயோ மோதியிருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சக்கர வளைவின் உயரத்தைக் கார் காலியாக இருக்கும்போது ஒருமுறையும், முன்னால் இரண்டு பேரை உட்காரவைத்து ஒருமுறையும் அளந்து, பக்கத்தில் தேதி போட்டு வையுங்கள்.